எண்பது படிகளுக்கு மேலே ஒரு ரெயில் நிலையம்

பேத்துப்பாறையில் ரெயில் கிடையாது. கொடைக்கானல் தாலுகாவில், பழனி மலைத் தொடரில் இருக்கும் சிற்றூர் அது. காட்டு யானைகள் வந்து போகும் ஊர். அந்த ஊர் ஜனங்கள் ரெயில் ஏற வேண்டுமானால், மலையை விட்டு இறங்க வேண்டும். ஒரு பக்கம் இறங்கினால் பழனி ரெயில் நிலையம். மறு பக்கம் இறங்கினால் கொடைக்கானல் ரோடு ரெயில் நிலையம்.

சென்னைப் பட்டணத்தில் கதை தலைகீழ்! அங்கே பல இடங்களில் ரெயில் ஏற வேண்டுமானால், மேலே ஏற வேண்டும். வீதி கீழே இருக்கிறது. ரெயில் மேலே ஓடுகிறது. மலையே இல்லாத ஊரில், மனிதன் தூண்களை நட்டு, ஒரு மலையை உண்டாக்கி, அதன் உச்சியில் ரெயிலை நிறுத்தியிருக்கிறான்.

ரெயிலை மேலே ஏற்றியாகிவிட்டது. ஜனங்களை மேலே ஏற்றுவது எப்படி? நடக்க முடிந்தவன் ஏறிவிடுவான். முழங்கால் வலிக்காரர் ஏறுவாரா? கைக்குழந்தையும் மூட்டையுமாக வரும் தாய் ஏறுவாளா? கண் தெரியாதவர் ஏறுவாரா?

ஒரு நிலையம் நல்ல நிலையமா இல்லையா என்பதை அந்தக் கேள்விதான் தீர்மானிக்க வேண்டும்.

பறக்கும் ரெயில்

ரெயில் ஏன் மேலே போனது? காரணம் எளிது. பட்டணத்து வீதிகளில் இடம் இல்லை. தரையில் தண்டவாளம் போட்டால், ஒவ்வொரு தெருவிலும் கேட் போட்டு வண்டிகளை நிறுத்த வேண்டும். பூமிக்கு அடியில் சுரங்கம் தோண்டலாம். ஆனால் அதற்குச் செலவு மிக அதிகம். ஆகவே, தூண் நட்டு மேலே ஓட்டுவது என்று முடிவு செய்தார்கள்.

சென்னைக் கடற்கரை நிலையத்திலிருந்து சேப்பாக்கம் வரை 1995-ல் ரெயில் ஓடத் தொடங்கியது. 1997-ல் அது திருமயிலைக்குப் போயிற்று. 2004-ல் திருவான்மியூருக்கும், 2007-ல் வேளச்சேரிக்கும் நீண்டது. வேளச்சேரி வரை இந்தப் பாதையின் நீளம் சுமார் 19 கிலோ மீட்டர். கடற்கரை, கோட்டை, பார்க் டவுன் ஆகிய மூன்று நிலையங்களும் தரையில் இருக்கின்றன. அதற்குப் பிறகு ரெயில் மேலே ஏறிவிடுகிறது. ஜனங்கள் இதற்கு வைத்த பெயர், ‘பறக்கும் ரெயில்’.

அடுத்து வந்தது மெட்ரோ ரெயில். 2015-ம் ஆண்டு ஜூன் 29-ந் தேதி, கோயம்பேடு முதல் ஆலந்தூர் வரை மெட்ரோ ஓடத் தொடங்கியது. அந்த முதல் பாதையில் இருந்த ஏழு நிலையங்களும் தூண்களின் மேல் நிற்பவைதான். பட்டணத்தின் நெருக்கமான பகுதிகளில் மெட்ரோ பூமிக்கு அடியில் போகிறது. மற்ற இடங்களில் மேலே போகிறது.

மூன்று அடுக்கு வீடு

மேலே இருக்கும் நிலையத்தை ஒரு மூன்று அடுக்கு வீடு என்று எண்ணிக்கொண்டால், அதன் அமைப்பு சுலபமாக விளங்கும்.

முதல் அடுக்கு, வீதி. இங்கேதான் வாசல். மெட்ரோவில் பெரும்பாலும் சாலையின் நடுவே தூண்கள் நிற்கும். சாலையின் இரு புறமும், நடைபாதையை ஒட்டி வாசல்கள் இருக்கும். படிக்கட்டும், நகரும் படிக்கட்டும், லிப்டும் அங்கிருந்து புறப்படும்.

இரண்டாவது அடுக்கு, கூடம். சாலைக்கு மேலே பாலம் போல இது நிற்கும். டிக்கெட் வாங்கும் இடம் இங்கே இருக்கிறது. மெட்ரோவில் கூடத்தை இரண்டாகப் பிரித்திருப்பார்கள். ஒரு பாதிக்கு யாரும் வரலாம். மறு பாதிக்குள் போக டிக்கெட் வேண்டும். நடுவிலே சிறிய தானியங்கிக் கதவுகள் உண்டு. கார்டையோ டிக்கெட்டையோ காட்டினால்தான் கதவு திறக்கும்.

மூன்றாவது அடுக்கு, பிளாட்பாரம். ரெயில் வந்து நிற்கும் இடம் அதுதான்.

ஏன் இவ்வளவு உயரம்? சாலையிலே பெரிய லாரிகளும் பஸ்களும் போக வேண்டும். அதற்கு ஐந்தரை மீட்டர், அதாவது 18 அடி இடைவெளி விட வேண்டும். அதற்கு மேலே கூடம். கூடத்திலும் ஜனங்கள் தாராளமாக நடக்க உயரம் வேண்டும். அதற்கு மேலே பிளாட்பாரம். இவற்றைக் கூட்டினால், வீதியிலிருந்து பிளாட்பாரம் ஏறக்குறைய 40 அடி உயரத்துக்குப் போய்விடுகிறது.

ஒரு படியின் உயரம் அரை அடி. நாற்பது அடிக்கு எத்தனை படி? எண்பது படி!

பேத்துப்பாறைக்காரருக்கு எண்பது படி ஒரு பொருட்டா என்று கேட்கலாம். மேட்டிலும் பள்ளத்திலும் தினமும் நடக்கும் கால்களுக்கு அது பெரிது அல்ல. ஆனால் எல்லாக் கால்களும் அந்தக் கால்கள் அல்ல. அந்தக் கால்களும் என்றைக்கும் அப்படியே இருப்பதில்லை.

நடுவிலா, ஓரத்திலா?

பிளாட்பாரத்தை அமைப்பதில் இரண்டு வகை உண்டு.

ஒன்று, நடுப் பிளாட்பாரம். பிளாட்பாரம் ஆற்றின் நடுவே இருக்கும் தீவு போல நிற்கும். இரு பக்கமும் தண்டவாளம். இந்தப் பக்கம் வரும் ரெயில் ஓர் ஊருக்குப் போகும். அந்தப் பக்கம் வரும் ரெயில் எதிர் ஊருக்குப் போகும். பயணி ஏறி வந்துவிட்டால் போதும். திசை தவறினாலும் நாலு அடி நடந்து திரும்பி நின்றால் சரியாகிவிடும்.

மற்றொன்று, ஓரப் பிளாட்பாரம். நடுவிலே இரண்டு தண்டவாளம். இரு கரையிலும் இரண்டு பிளாட்பாரம். மெட்ரோவின் உயர நிலையங்களில் பெரும்பாலானவை இந்த வகை. இதிலே கட்டுகிறவர்களுக்கு ஒரு லாபம் உண்டு. இரண்டு தண்டவாளமும் அருகருகே நேராகப் போகலாம். நிலையத்துக்கு நிலையம் பிரிந்து சேர வேண்டியதில்லை. பாலத்தின் அகலமும் குறையும்.

ஆனால் பயணிக்கு ஒரு கஷ்டம் உண்டு. எந்தப் பக்கம் ஏறுவது என்பதைக் கூடத்திலேயே முடிவு செய்தாக வேண்டும். தவறான பக்கம் ஏறிவிட்டால், மறுபடி கூடத்துக்கு இறங்கி, மறு பக்கம் ஏற வேண்டும். ரெயில் கண் எதிரே வந்து போய்விடும்!

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். நடுப் பிளாட்பாரத்துக்குக் கூடத்திலிருந்து ஒரு லிப்ட் இருந்தால் இரண்டு திசைக்கும் அதுவே போதும். ஓரப் பிளாட்பாரத்துக்கு இரண்டு லிப்ட் வேண்டும். ஒரு பக்கத்து லிப்ட் நின்றுபோனால், அந்தத் திசைக்குப் போகிறவர்களுக்கு நிலையமே மூடியது போலத்தான்.

ஆலந்தூரில் இது இன்னும் ஒரு படி அதிகம். அங்கே மெட்ரோவின் இரண்டு பாதைகள் சந்திக்கின்றன. ஒரு பாதையின் பிளாட்பாரத்துக்கு மேலே, மற்றொரு பாதையின் பிளாட்பாரம் இருக்கிறது. ரெயில் மாறுகிறவர்கள் அடுக்கு விட்டு அடுக்கு மாற வேண்டும். பார்க்க அழகான அமைப்புதான். ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒருவர் அங்கே முதன் முதலாக வந்து நின்றால், அறிவிப்புப் பலகைதான் அவருக்குக் கைத்துணை. பலகையில் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். ஊரின் பெயர் தமிழிலே முதலில் இருக்க வேண்டும். அம்புக்குறி தெளிவாக இருக்க வேண்டும்.

ஒரு தாய் வருகிறாள்

பேத்துப்பாறையிலிருந்து ஒரு தாய் சென்னைக்கு வருகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குப் போக வேண்டும். 1954-ல் தொடங்கப்பட்ட மருத்துவமனை அது. எல்லா ஜில்லாக்களிலிருந்தும் நோயாளிகள் அங்கே வருகிறார்கள். துணைக்கு மகன் வருகிறான். கையிலே ஒரு பை, பழைய சீட்டுகள், எக்ஸ்ரே படங்கள்.

பஸ்ஸிலே மலை இறங்கிப் பழனிக்கு வருகிறார்கள். பழனியில் ரெயில் ஏறிச் சென்னை சென்ட்ரலில் இறங்குகிறார்கள். எதிரே இருக்கும் பார்க் டவுன் நிலையத்துக்கு வந்து, பறக்கும் ரெயில் பிடிக்கிறார்கள். கஸ்தூரிபா நகர் நிலையத்தில் இறங்க வேண்டும். அங்கிருந்து மருத்துவமனை பக்கம்தான்.

பார்க் டவுன் தரையில் இருக்கும் நிலையம். ஏறுவதில் கஷ்டம் இல்லை. கஸ்தூரிபா நகர் மேலே இருக்கும் நிலையம். வந்து சேர்ந்தாயிற்று, ஆனால் இறங்க வேண்டும்.

லிப்ட் ஓடினால், ஒரு நிமிஷத்தில் தாய் வீதிக்கு வந்துவிடுவாள். ஓடாவிட்டால்? ஒரு கை மகன் தோளில், ஒரு கை சுவரில். நாலு படிக்கு ஒரு முறை நின்று நின்று இறங்க வேண்டும். மாலையில் மருந்தின் களைப்போடு திரும்பி வரும்போது, அதே படிகளை ஏற வேண்டும்.

அடுத்த முறை மகன் என்ன சொல்வான்? “வேண்டாம் அம்மா, ஆட்டோவில் போய்விடுவோம்” என்பான். சில ரூபாயில் முடிய வேண்டிய பயணத்துக்கு நூற்றுக்கணக்கில் செலவாகும். ரெயில் ஓடுகிறது, பாலம் நிற்கிறது, தூண் நிற்கிறது. ஆனால் யாருக்கு மிகவும் வேண்டுமோ, அவருக்கு அது இல்லை!

லிப்ட் ஆடம்பரமா?

லிப்ட் எல்லாம் பணக்காரர் மாளிகைக்கு உரிய ஆடம்பரம் என்று ஒரு காலத்தில் எண்ணினார்கள். ரெயில் நிலையத்தில் அது ஆடம்பரம் அல்ல. இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது.

சக்கர நாற்காலி ஏறுவதற்குச் சரிவுப் பாதை போடலாம். ஆனால் ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். அதற்குக் குறைந்தால் சரிவு செங்குத்தாகிவிடும். நாற்காலி பின்னுக்கு உருளும். அப்படியானால் நாற்பது அடி உயரத்துக்கு எவ்வளவு நீளம் வேண்டும்? நானூற்று எண்பது அடி! நடுநடுவே இளைப்பாறும் இடம் வேறு. நெருக்கமான பட்டணத்து வீதியிலே இதற்கு இடம் எங்கே?

ஆகவே உயரத்தில் நிலையம் கட்டினால், லிப்டும் கட்டியே ஆக வேண்டும். லிப்ட் இருப்பதால் படிக்கட்டு வேண்டாம் என்பதும் இல்லை. மின்சாரம் போனாலும், தீப்பிடித்தாலும் படிக்கட்டுதான் உயிர் காக்கும். இரண்டும் வேண்டும்.

சட்டமும் இதைச் சொல்கிறது. மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016-ல் வந்தது. பஸ் நிலையம், ரெயில் நிலையம், விமான நிலையம் எல்லாவற்றிலும் அவர்களுக்கு ஏற்ற வசதி இருக்க வேண்டும் என்பது அதன் கட்டளை. இதில் தயவு, தாட்சணியம் என்ற பேச்சுக்கே இடம் இல்லை. இது உரிமை.

பழனி மலை சொல்லும் பாடம்

உயரத்தில் இருக்கும் இடத்துக்கு எல்லோரையும் ஏற்றுவது எப்படி என்று பார்க்க, வெகு தூரம் போக வேண்டியதில்லை. பேத்துப்பாறை ஜனங்களுக்குப் பழக்கமான பழனி மலையைப் பார்த்தால் போதும்.

முருகன் கோவிலுக்கு ஏறக்குறைய எழுநூறு படிகள். வலு உள்ளவர்கள் படியில் ஏறுகிறார்கள். படி ஏற முடியாதவர்களுக்கு யானைப் பாதை இருக்கிறது. அகலமான பாதை, சாய்வும் குறைவு. மெள்ள மெள்ள நடந்து போகலாம். நடக்கவே முடியாத முதியவர்களுக்கு விஞ்ச் இருக்கிறது. மலைச் சரிவில் தண்டவாளத்தின் மேல், கம்பி வடத்தால் இழுக்கப்படும் வண்டி அது. 1966-ல் முதல் விஞ்ச் வந்தது. 2004-ல் ரோப் கார் வந்தது.

ஒரே மலை, ஒரே கோவில். ஆனால் ஏறுவதற்கு நாலு வழி! ‘உன்னால் முடிந்தால் வா, முடியாவிட்டால் போ’ என்று அந்த மலை சொல்லவில்லை.

அங்கே இன்னொரு நல்ல வழக்கமும் உண்டு. ஆண்டுதோறும் பராமரிப்புக்காக ரோப் காரை நிறுத்துவார்கள். எந்தத் தேதியிலிருந்து ஓடாது என்று முன்கூட்டியே அறிவிப்பார்கள். பத்திரிகையிலும் செய்தி வரும். அந்த நாட்களில் விஞ்ச் ஓடும். பக்தர்கள் அதற்கு ஏற்றபடி வருவார்கள்.

இயந்திரம் என்றால் பழுது வரும். அது குற்றம் அல்ல. பழுது என்று சொல்லாமல் பூட்டிப் போடுவதுதான் குற்றம். மாற்று வழி காட்டாமல் இருப்பதுதான் குற்றம்.

பிற நாடுகளின் அனுபவம்

இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்தில், 1893-ல் மேம்பால ரெயில் ஓடியது. மின்சாரத்தில் ஓடிய முதல் மேம்பால ரெயில் அதுதான். ஜனங்கள் அதை மிகவும் நேசித்தார்கள். ஆனால் இரும்புப் பாலம் துருப்பிடித்தது. செப்பனிடப் பெரும் தொகை தேவைப்பட்டது. பணம் கிடைக்கவில்லை. 1956 டிசம்பரில் ரெயிலை நிறுத்திவிட்டார்கள். பிறகு பாலத்தையே பிரித்துப் போட்டார்கள். கட்டினால் மட்டும் போதாது, காப்பாற்றவும் வேண்டும் என்பதற்கு அது சாட்சி.

அமெரிக்காவில் சிக்காகோ நகரத்தில் 1892-ல் மேம்பால ரெயில் வந்தது. அது இன்றும் ஓடுகிறது. ஆனால் அந்தக் காலத்தில் கட்டிய நிலையங்களில் படிக்கட்டைத் தவிர வேறு வழியை யாரும் நினைக்கவில்லை. எல்லா நிலையங்களுக்கும் எல்லோரும் ஏறும்படி செய்ய, 2018-ல் இருபது ஆண்டுத் திட்டம் ஒன்று போட்டார்கள். முதல் நாள் மறந்ததை, நூற்று இருபத்தாறு ஆண்டுகளுக்குப் பிறகும் திருத்திக்கொண்டிருந்தார்கள்!

ஜப்பானில் இன்னொரு நல்ல காரியம் நடந்தது. ஒகயாமா நகரத்தில், 1967-ல் கண் தெரியாதவர்களுக்காகத் தரையிலே மேடு வைத்த கற்களைப் பதித்தார்கள். அதுதான் இப்போது உலகம் எங்கும் பரவியிருக்கிறது. ரெயில் நிலையத்துத் தரையில் மஞ்சள் நிறக் கல் வரிசையைப் பலர் பார்த்திருப்பார்கள். அழகுக்காகப் பதித்தது என்று எண்ணியிருப்பார்கள். அழகுக்கு அல்ல! நீளக் கோடு இருந்தால், ‘இந்த வழியே நட’ என்று பொருள். புள்ளிகள் இருந்தால், ‘நில், கவனி’ என்று பொருள். கண் தெரியாதவர் காலால் படிக்கும் எழுத்து அது. அதன் மேல் பெட்டியை வைப்பதும், உட்கார்ந்து பேசுவதும், ஒருவருடைய வழியை மறிப்பதாகும்.

வாசலோடு முடிவதில்லை

பறக்கும் ரெயிலிலிருந்து கற்க வேண்டியது ஒன்று உண்டு. அந்தப் பாதையின் பெரும் பகுதி பக்கிங்காம் கால்வாயை ஒட்டிப் போகிறது. வீடுகளை அதிகம் இடிக்க வேண்டாம், நிலம் வாங்கும் செலவும் குறையும் என்பது இதன் லாபம். ஆனால் பஸ் போவது கால்வாய்க் கரையில் அல்ல. பஸ் போவது பெரிய சாலையில். ஆகவே ரெயில் ஓர் இடத்திலும், பஸ் ஓர் இடத்திலுமாக ஆயிற்று. நிலையங்களைப் பிரமாண்டமாகக் கட்டினார்கள். பெரிய பெரிய கூடங்கள்! ஆனால் ஜன நடமாட்டம் குறைவு. பல ஆண்டுகள் அந்தக் கூடங்கள் வெறிச்சோடிக் கிடந்தன. ஆள் இல்லாத இருட்டுக் கூடத்தின் வழியே, இரவு நேரத்தில் ஒரு பெண் தனியாக நடந்து போக அஞ்சுவாள் அல்லவா?

கூடத்தின் பெருமை அதன் அகலத்தில் இல்லை. வெளிச்சத்தில் இருக்கிறது. ஒரு டீக்கடை, ஒரு பூக்கடை, ஒரு பத்திரிகைக் கடை இருந்தால், பத்துப் பேர் நிற்பார்கள். பத்துப் பேர் நிற்கும் இடத்தில் பயம் இருக்காது.

செய்ய வேண்டியது என்ன?

சென்னையில் மெட்ரோவின் இரண்டாவது கட்டம் 118.9 கிலோ மீட்டர் நீளத்துக்குத் திட்டமிடப்பட்டது. மூன்று பாதைகள். பூந்தமல்லிப் பக்கமும், பழைய மாமல்லபுரம் சாலையிலும் தூண்களின் மேல் பல நிலையங்கள். கட்டும்போதே கவனித்தால் செலவு குறைவு. கட்டிய பிறகு இடித்துத் திருத்தினால் செலவு அதிகம்.

அதிகாரிகள் செய்ய வேண்டியவை இவை:

நிலையத்தில் சாலையின் இரு பக்கமும் லிப்ட் வேண்டும். லிப்ட் வாசலை ஒரு மூலையில் ஒளித்து வைக்கக்கூடாது.

பழுதானால், டிக்கெட் வாங்கும் முன்பே பயணிக்குத் தெரிய வேண்டும். அடுத்த வழி எது என்பதையும் சொல்ல வேண்டும்.

படிக்கட்டின் நடுவே இளைப்பாற ஓர் இருக்கை வேண்டும். இரு பக்கமும் கைப்பிடிக் கம்பி வேண்டும்.

பஸ் நிறுத்தம் நிலையத்தின் காலடியில் இருக்க வேண்டும்.

கடைசியாக ஒன்று. ஒவ்வொரு புதிய நிலையத்தையும் திறக்கும் முன்பு, ஒரு சோதனை செய்ய வேண்டும். அந்தப் பட்டணத்தையே பார்த்திராத ஒரு மூதாட்டியை வாசலில் விட வேண்டும். ஒரு சக்கர நாற்காலிக்காரரை விட வேண்டும். கண் தெரியாத ஒருவரை விட வேண்டும். யாருடைய உதவியும் இல்லாமல் மூவரும் பிளாட்பாரத்துக்கு வந்து சேர்ந்தால், நிலையம் தயார். வராவிட்டால், இன்னும் வேலை இருக்கிறது என்று பொருள்.

ஜனங்களுக்கும் கடமை உண்டு. லிப்டின் முன்னே கூட்டம் நிற்கும்போது, திடகாத்திரமான இளைஞர்கள் முதலில் நுழையக் கூடாது. முதியவருக்கும் கர்ப்பிணிக்கும் வழி விட்டுவிட்டுப் படியில் ஏறலாம். ஊருக்குப் புதியவர் ஒருவர், “தம்பி, வேளச்சேரி வண்டி எந்தப் பக்கம்?” என்று கேட்டால், கையைக் காட்டிவிட்டு ஓடாமல், நாலு அடி கூட நடந்து காட்டலாம்.

ரெயிலை நாற்பது அடி உயரத்துக்குத் தூக்கிய பொறியாளர்களின் திறமை பெரிது. ஒரு நோயாளித் தாயை அந்த நாற்பது அடியும் வலி இல்லாமல் தூக்கிவிட்டால், அதைவிடப் பெரிது.